இடமில்லை என்பதை எப்படிச் சொல்வது?

டீ ஆறுவதற்குள் பேசி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு டீக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள். கேள்வி என்னவோ எளிமையானதுதான்: கணினியிலோ போனிலோ டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோனால், அது நம்மிடம் அதை எப்படிச் சொல்ல வேண்டும்?

இடம் தீர்வது யாருடைய குற்றமும் இல்லை. எத்தனை ஜிபி போட்டு வாங்கினாலும் குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் பிள்ளைகளின் வீடியோக்களும் ஒருநாள் அதை நிரப்பிவிடும். அலுவலக சர்வர் என்றால் லாக் கோப்புகள் நிரப்பும். என்றாவது நடந்தே தீரும் என்று தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே பதில் யோசித்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? புரோகிராம் எழுதுகிறவர்கள் கடைசியாக யோசிப்பது இதைத்தான். பல சமயம் யோசிப்பதே இல்லை. நஷ்டம் மட்டும் பயன்படுத்துகிறவர் தலையில் விழுகிறது.

கல்யாண மண்டபத்தில் ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தாலி கட்டி முடிந்த கையோடு போனில் இடம் தீர்கிறது. எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். எந்தக் காட்சி கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகப் பதிவு முடிந்தபிறகு கடைசியில்தான் எழுதுவார்கள். அந்த அட்டவணைக்கு இடமில்லாமல் போனால், அவ்வளவு நேரம் எடுத்த படம் முழுக்க போனுக்குள்ளேயே இருந்தும் சாதாரணப் பிளேயர் எதிலும் திறக்காது. கவனமாக எழுதப்பட்ட கேமரா ஆப் இந்த நிலைக்கு விடாது. காலியிடம் ஓர் அளவுக்குக் கீழே போனதுமே பதிவை நிறுத்தும், அட்டவணையை எழுதும், கோப்பை ஒழுங்காக மூடும். பிறகு, “இடம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது. இதுவரை எடுத்தது பத்திரமாக இருக்கிறது” என்று சொல்லும்.

அந்தச் செய்தியின் இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். நான் இன்று சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். இடமில்லை என்பது டிஸ்க்கைப் பற்றிய செய்தி. பயன்படுத்துகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, தான் செய்த வேலை என்ன ஆனது என்பது. அதைச் சொல்லாத எந்தப் பிழைச் செய்தியும் பாதிச் செய்திதான்.

சரி, சொல்வதில் என்ன கஷ்டம்? இடமில்லை என்ற உண்மை கணினிக்கே சில சமயம் தாமதமாகத்தான் தெரிகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நீங்கள் ‘சேவ்’ அழுத்தியதும் புரோகிராம் இயங்குதளத்திடம் “இதை எழுது” என்று கொடுக்கிறது. இயங்குதளம் அதை வாங்கி ரேம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு “ஆயிற்று” என்று உடனே சொல்லிவிடுகிறது. டிஸ்க்கில் எழுதுவது பிறகு, சாவகாசமாக. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் இந்த இடைவெளி சுமார் அரை நிமிடம் வரைகூட இருக்கலாம். வேகத்துக்காகச் செய்கிற ஏற்பாடு இது, தவறில்லை. கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவது வேறு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை நம் கைக்குத் திரும்புவது வேறு. ‘எழுது’ என்ற கட்டளைக்குக் கிடைக்கும் “ஆயிற்று” முதல் வகை. ஒப்புகை வேண்டுமென்றால் ‘எஃப்சிங்க்’ என்ற தனிக் கட்டளை கொடுத்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் கணினிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் பெரும்பாலும் பாதகமில்லை. ரேமில் வாங்கி வைக்கும்போதே இடமிருக்கிறதா என்று இயங்குதளம் கணக்குப் பார்த்துவிடும். நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வரில் எழுதும்போது நிலைமை மாறும். அலுவலகங்களில் பொதுவாக எல்லோரும் பயன்படுத்தும் ஒரு டிரைவ் இருக்குமே, அந்த மாதிரி. இங்கே உங்கள் கணினி “ஆயிற்று” என்று சொல்லியிருக்கும். தூரத்து சர்வர் “இடமில்லை” என்று பிறகுதான் சொல்லும். அந்தப் பதில் பல சமயம் கோப்பை மூடும் நேரத்தில்தான் வந்து சேரும். கோப்பை மூடும் கட்டளை தோல்வியடையலாம் என்று பல புரோகிராமர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. லினக்ஸ் கையேடு இதைக் குறிப்பிட்டே எச்சரிக்கிறது: மூடும்போது வரும் பதிலைப் பார்க்காமல் விட்டால், சத்தமில்லாமல் தரவு தொலைந்துபோகலாம்.

அனுபவசாலிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் உலகெங்கும் வங்கிகளிலிருந்து அரசு அலுவலகங்கள் வரை ஓடுவது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் அதை எழுதியிருந்தார்கள். லினக்ஸ் அப்படி நடந்துகொள்வதில்லை என்று 2018இல் தெரியவந்தது. முதல்முறை பிழையைச் சொல்லிவிட்டு, எழுத முடியாமல் போன பக்கங்களை ‘எழுதியாயிற்று’ கணக்கில் அது சேர்த்துவிடும். இரண்டாவது முறை கேட்டால் “எல்லாம் சரி” என்று பதில் வரும். தரவோ டிஸ்க்கில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் குழுவினர் முடிவை மாற்றினார்கள்: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலும் டேட்டாபேஸ் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும், பிறகு தன் பதிவேட்டைப் படித்து மீண்டு எழும். கடுமையான முடிவுதான். பொய்யான “சரி”யைவிட நின்றுபோவது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் அதே கட்சி.

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும் புரோகிராம்கள் நிறைய உண்டு. அவை முதலில் பழைய உள்ளடக்கத்தை அழித்து நீளத்தைப் பூஜ்யமாக்கும், பிறகு புதியதை எழுத ஆரம்பிக்கும். நடுவில் இடம் தீர்ந்தால் பழையதும் போச்சு, புதியதும் பாதிதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை சேர்கிறது. யூனிகோடு தமிழில், வழக்கமான யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் இடம் வேண்டும். ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள். மொத்தம் 15 பைட். டிஸ்க்கோ பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட கட்டம் கட்டமாகத்தான் இடம் கொடுக்கும், அந்த எண் மூன்றால் வகுபடாது. ஆகவே கடைசிக் கட்டம் தீரும் இடத்தில் வெட்டு பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்தின் நடுவில்தான் விழும். திறந்து பார்த்தால் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, 8,000 பைட் எழுதச் சொன்னால் “4,096 எழுதினேன்” என்று இயங்குதளம் பதில் சொல்லலாம். அது பிழையாக வராது, வெற்றிக் கணக்கில்தான் வரும். மிச்சத்தை எழுத மறுபடி கேட்டால்தான் “இடமில்லை” வரும். எத்தனை எழுதப்பட்டது என்ற எண்ணைப் பார்க்காமல் போகிற புரோகிராம், அரைக்கோப்பை வைத்துக்கொண்டு “சேமிக்கப்பட்டது” என்று காட்டிவிடும்.

ஒழுங்கான வழி பல காலமாகத் தெரிந்ததுதான். புதியதை வேறொரு தற்காலிகப் பெயரில் முழுசாக எழுது, எஃப்சிங்க் செய்து ஒப்புகை வாங்கு, அதன்பிறகே பழைய பெயருக்கு மாற்று. எந்தக் கட்டத்தில் இடம் தீர்ந்தாலும் பழைய பிரதி கைபடாமல் இருக்கும். பிழைச் செய்தியில் “கடைசியாகச் சேமித்தது பத்திரம்” என்று துணிந்து எழுத இந்த ஏற்பாடு பின்னால் இருந்தால்தான் முடியும். நல்ல பிழைச் செய்தியை வாக்கியம் எழுதும் நேரத்தில் உண்டாக்க முடியாது, சேமிக்கும் முறையிலேயே அதற்கு அடித்தளம் போட்டிருக்க வேண்டும்.

இப்போது வேறு ஒரு கோளாறு. இடமில்லை என்ற ஒரே வாசகம் பல நோய்களுக்குப் பெயராக இருக்கிறது. லினக்ஸில் இதன் எண் 28, வாசகம் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. இதைப் பார்த்ததும் யாரும் ‘டிஎஃப்’ கட்டளை அடித்துக் காலியிடம் பார்ப்பார்கள். பாதி டிஸ்க் காலியாக இருக்கும்! என்ன நடந்திருக்கும் என்றால், ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்ற பதிவுக் கட்டம் ஒன்று வேண்டும். ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகளில் டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே அவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் இடம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும். அதற்கும் அதே 28தான் வரும். ‘டிஎஃப் மைனஸ் ஐ’ என்று அடித்துப் பார்க்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

அதே 28, டிஸ்க்குக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடத்திலும் வரும். கோப்புகளில் மாற்றம் நடக்கிறதா என்று கண்காணிக்க லினக்ஸில் ஒரு வசதி உண்டு. ஒரு பயனர் எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. வெகுகாலம் அது 8,192ஆக இருந்தது. வரம்பைத் தாண்டினால் இயங்குதளம் அனுப்பியதும் இதே ‘டிவைஸில் இடமில்லை’தான். வலைத்தள வேலை செய்யும் எத்தனையோ இளைஞர்கள் அதை நம்பித் தங்கள் கோப்புகளை அழித்துப் பார்த்திருக்கிறார்கள். பிழை தீராது. ஏனென்றால் தீர்ந்தது டிஸ்க் இல்லை, ஒரு வரம்பு எண். பின்னாளில் நோட்.ஜேஎஸ் போன்ற கருவிகள் இதைப் பிரித்து, “கோப்புக் கண்காணிப்பு வரம்பு எட்டப்பட்டது” என்று வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தன. எண் அதே 28, வாசகம்தான் மாறியது. அந்த ஒரு வாசகமே எத்தனையோ பேரின் அரை நாளைக் காப்பாற்றியிருக்கும்.

அழித்துவிட்டேன், இடம் வரவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் லாக் கோப்பை லினக்ஸில் அழித்தால் பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் அதை மூடும்வரை இடம் திரும்பாது. போனிலும் கணினியிலும் குப்பைத் தொட்டிக்குப் போன படம் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது. இசட்எஃப்எஸ், பிட்ரிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் அழிப்பதற்கே கொஞ்சம் இடம் வேண்டும். அவை எதையும் இருந்த இடத்திலேயே மாற்றுவதில்லை, அழித்த கணக்கையும் புது இடத்தில்தான் எழுதும். “சில கோப்புகளை அழித்துவிட்டு முயலவும்” என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்லும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எதை அழித்தால் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடிந்த இடத்தில்கூடச் சொல்வதில்லை.

யாரிடம் சொல்வது என்பது அடுத்த கேள்வி. சர்வரில் பிழை வந்தால் லாக் கோப்பில் எழுதுவார்கள். லாக் இருப்பதும் அதே டிஸ்க்கில் என்றால்? டிஸ்க் நிரம்பியது என்று எழுதவும் இடமில்லை. நிரம்பிய லினக்ஸ் சர்வரில் உள்ளே நுழைந்து, கோப்பின் பெயரைப் பாதி அடித்து டேப் விசையைத் தட்டிப் பாருங்கள். பெயர் பூர்த்தியாவதற்குப் பதில் தற்காலிகக் கோப்பு உருவாக்க இடமில்லை என்று, கட்டளைகளை வாங்கும் பேஷ் புரோகிராமின் பழைய பதிப்புகள் ஒரு வரி காட்டும். பெயரைப் பூர்த்தி செய்யும் சின்ன வேலைக்கும் உள்ளுக்குள் டிஸ்க்கை நம்பியிருந்தார்கள். சரிசெய்ய வந்தவரின் கையையே கட்டிப்போடும் நிலை இது.

பழைய யுனிக்ஸ்காரர்கள் இதை யோசித்திருந்தார்கள். ஈஎக்ஸ்டி குடும்பக் கோப்பு முறைகள் வழக்கமாக டிஸ்க்கில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கி வைக்கும். மற்றவர்களுக்கு டிஸ்க் நிரம்பிய பிறகும் நிர்வாகி உள்ளே வந்து வேலை பார்க்க அது போதும். காக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸ் இதே யோசனையை வேறு விதமாகச் செய்கிறது: ஒன்றுக்கும் உதவாத ஒரு கோப்பை முன்கூட்டியே எழுதி இடத்தைப் பிடித்து வைக்கிறது. இடம் தீர்ந்தால் அதை அழித்துவிட்டு நிதானமாகச் சீர்செய்யலாம்.

முன்யோசனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டொயோட்டாவைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அந்த நிறுவனத்தின் 14 ஆலைகளில் 28 உற்பத்தி வரிசைகள் நின்றன. முந்தைய ஆண்டு ஓர் உதிரிபாக நிறுவனத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலால் உள்நாட்டு ஆலைகள் நின்றிருந்ததால், இதுவும் அப்படித்தானோ என்ற கேள்வி எழுந்தது. செப்டம்பர் 6 அன்று நிறுவனமே விளக்கியது: 27ஆம் தேதி நடந்த வழக்கமான பராமரிப்பில் டேட்டாபேஸில் சேர்ந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் உதிரிபாக ஆர்டர் அமைப்பு நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் அதே காரணத்தால் விழுந்தது. பெரிய டிஸ்க் உள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே ஆலைகள் ஓடின. இரண்டு விஷயம் இதில் மனதில் நிற்கிறது. குப்பையைக் கூட்டும் வேலைக்கும் இடம் தேவைப்பட்டது. துணைக்கு வைத்திருந்ததும் அதே நோயில் விழுந்தது. இடம் தீரும் முன்பே, இந்த வேலைக்கு இவ்வளவு இடம் வேண்டும், இருப்பது போதாது என்று சொல்லியிருக்கக்கூடிய கட்டம் பராமரிப்பைத் தொடங்கும் நேரம்தான். வேலையைத் தொடங்கும் முன் கணக்குப் பார்த்து மறுப்பது, பாதியில் விழுவதைவிட எவ்வளவோ நல்லது.

இன்னொரு சம்பவம் பூமியில் நடக்கவில்லை. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. 18ஆவது செவ்வாய் நாளில், ஜனவரி 21 அன்று, பேச்சு நின்றது. ஃபிளாஷ் நினைவகத்தில் பயணக் காலத்திலிருந்தே கோப்புகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. அவற்றின் பட்டியலை ரேமில் ஏற்ற ஒதுக்கிய இடம் போதவில்லை. அந்தப் பிழைக்குக் கணினி தெரிந்து வைத்திருந்த ஒரே மருந்து, மறுபடி துவக்குவது. துவங்கியதும் அதே ஃபிளாஷ், அதே பட்டியல், அதே பற்றாக்குறை. 60 தடவைக்கு மேல் துவங்கித் துவங்கி விழுந்தது. இரவில் உறங்க முடியாமல் பேட்டரியும் கரைந்துகொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் துவங்கு என்று கட்டளை அனுப்பித்தான் பொறியாளர்கள் அதை மீட்டார்கள். 90 நாளுக்குத் திட்டமிட்ட ஊர்தி 2010 வரை பேசிக்கொண்டிருந்தது. மறுபடி துவக்கினால் இடம் பிறக்காது. இதை உணர்ந்து, இந்தப் பிழைக்கு மட்டும் வேறு வழி வைத்திருந்தால் அந்தப் பதற்றமே இருந்திருக்காது.

காத்திருக்கச் சொல்வதா, மறுப்பதா என்பதிலும் தெளிவு வேண்டும். மின்னஞ்சல் நெறிமுறை இதை 1982லேயே அழகாகப் பிரித்தது. அஞ்சல் சர்வரின் டிஸ்க் நிரம்பினால் 452: இப்போது இடமில்லை, பிறகு வா. ஒதுக்கீட்டு அளவு மீறப்பட்டால் 552: இதை எடுத்துக்கொள்ள முடியாது, அனுப்பியவரிடம் சொல். முதலாவதைப் பார்த்தால் அனுப்பும் சர்வர் கடிதத்தை வைத்திருந்து பின்னர் முயலும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சில வேளைகளில் இடம் வரும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு அப்படியே காத்திருக்கும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை லாக்கில் எழுதும். நிர்வாகி விழித்திருந்தால் நல்ல ஏற்பாடு. எதிரே வாடிக்கையாளர் நிற்கும் பில் கவுன்டரில், ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரை உறைந்து நிற்பதை நான் ஏற்க மாட்டேன். காத்திருப்பதென்றால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று திரையின் முன் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

செய்தியின் வாசகம் எப்படி இருக்கலாம் என்று கேட்டால், நான் இப்படி எழுதுவேன்: “‘ஏப்ரல் கணக்கு’ கோப்பைச் சேமிக்க முடியவில்லை. டி டிரைவில் 40 எம்பி தேவை. 3 எம்பிதான் இருக்கிறது. கடைசியாக 11.20க்குச் சேமித்த பிரதி அப்படியே இருக்கிறது. அதன்பிறகு செய்த மாற்றங்கள் இந்தத் திரையை மூடும்வரை போகாது. வேறு டிரைவில் சேமிக்க இங்கே அழுத்தவும்.” என்ன நடந்தது, எங்கே, எவ்வளவு, என் வேலை என்ன ஆனது, அடுத்து என்ன செய்ய என்ற எல்லாமே இருக்கிறது. பிழை எண்ணை அடியில் சிறிய எழுத்தில் போடுங்கள், சர்வீஸ்காரருக்கு உதவும். போஸ்ட்கிரெஸ் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. எந்தக் கோப்பை நீட்ட முடியவில்லை என்று பெயரோடு சொல்லி, அடுத்த வரியில் காலியிடத்தைப் பார்க்கச் சொல்லும்.

புரோகிராம் எழுதுகிற தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். லினக்ஸில் ‘டெவ் ஃபுல்’ என்று ஒரு போலிச் சாதனம் இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்றே பதில் வரும். சி மொழியில் எல்லோரும் முதலில் எழுதும் ‘ஹலோ வேர்ல்ட்’ புரோகிராமின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்துகூட எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. புரோகிராமோ வெற்றி என்று பூஜ்யம் திருப்பிவிட்டு முடியும். அதன்பிறகு உங்கள் சொந்தப் புரோகிராமை எடுங்கள். சில எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் உண்டாக்கி, அதில் ஓடவிட்டு, நிரம்பும்வரை சேமித்துக்கொண்டே போங்கள். திரையில் என்ன வருகிறது, பழைய கோப்பு இருக்கிறதா, இடம் விட்டதும் தானே எழுகிறதா என்று பாருங்கள். ஒரு மதிய நேரத்து வேலைதான். வெளியிடும் முன் செய்துவிடுங்கள்.